ஏழு பேருக்கு இடம்

அக்டோபர் 6, திங்கள்

எஸ்டேட் போய்த் திரும்பினேன். டீசல் பன்னிரண்டு லிட்டர். இடது பின் டயரில் காற்று இறங்குகிறது. பஞ்சர் பார்க்க வேண்டும்.

பவுன்தாய் இன்று வேலைக்குப் போய்விட்டாள். காறை எலும்பு கூடிவிட்டது, ஆனால் இன்னும் ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "காய் பழுத்து உதிருது, எம்புட்டு நாளைக்கு வீட்டுல கெடந்து சொவத்தப் பாக்க?" என்றாள். அதுவும் சரிதான். முன் சீட்டில் வந்து உட்கார் என்றேன். "நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் பதினெட்டு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். போடியிலிருந்து பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்தில் விடுவது, சாயங்காலம் கூட்டிவருவது. என் வீட்டுக்காரியும் அதே தோட்டத்தில்தான் காய் எடுக்கிறாள். அவள் என் ஜீப்பில் வராமல் பஸ்ஸில் போகிறாள். பஸ்ஸில் காற்று நன்றாக வருமாம்.

அக்டோபர் 8, புதன்

தூறல். பஞ்சர் ஒட்டியாயிற்று.

முதல் பஸ் பவுன்தாயைப் போடிமெட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு மண் ரோடு, நடந்தால் ஒன்றரை மணி நேரம். இன்று பாதி வழியில் அவளைப் பிடித்துவிட்டேன். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். நிறுத்தினேன்.

"ஏறு."

"நீங்க போங்க. நடந்தா ஒடம்புக்கு நல்லது."

"ஏ பவுனு, சும்மா வாடி" என்றாள் பின்னாலிருந்து மாயக்காள். ஆட்களில் மூத்தவள், வாய்க்காரி. பவுன்தாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் ஏறவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தால் வண்டி சேற்றில் பதியும், அதனால் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்டில் என் ஜீப் கிளட்ச் போய்ப் பட்டறையில் நின்றது. அந்த நாட்களில் என் ஆட்கள் எல்லாரும் கோட்டைச்சாமி ஜீப்பில் போனார்கள். ஒரு சாயங்காலம் மலை இறங்கும்போது, வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் ஜீப் ஓரச் சுவரில் ஏறிச் சாய்ந்துவிட்டது. பள்ளத்தில்கூட விழவில்லை, ரோட்டிலேயே சாய்ந்தது. ஆனால் எங்கள் ஜீப்புகளில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுதான். மேலே பிடிக்க ஒரு கம்பி. பின்பக்கம் திறப்பு. எல்லாரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து வெளியே கொட்டினார்கள். முருகாயி அங்கேயே போய்விட்டாள். பவுன்தாய்க்கு இடது காறை எலும்பு. மற்றவர்களுக்குப் பல், விரல், சிராய்ப்பு.

முருகாயியும் பவுன்தாயும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தவர்கள். அந்த நாளைப் பற்றி பவுன்தாய் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

கம்பம் ரோட்டில் சிக்கந்தர் பாய் பட்டறைக்குப் போனேன். வேன், ஜீப் எல்லாவற்றுக்கும் பாடி கட்டுகிறவர். செக்போஸ்ட்டில் இனிமேல் கெடுபிடி அதிகமாகும் என்று பேச்சு. அதற்காகத்தான் போனேன்.

பெஞ்சைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் பார்த்தபடி இருக்கும் சீட்டும் பெல்ட்டும் போட வேண்டும் என்றேன். எத்தனை சீட் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். டேப்பை எடுத்து ஜீப்புக்குள் குறுக்கும் நெடுக்கும் அளந்துவிட்டு வெளியே வந்தார்.

"முன்னாடி ஒன்னு, நடுவுல மூணு, பின்னாடி மூணு. ஏழு."

"ஏழா? பாய், எனக்கு ஆளு பன்னெண்டு பேரு."

"பன்னெண்டு பேருக்குப் பெல்ட்டு வேணும்னா நீ பஸ்ஸுதான் வாங்கணும் சுருளி. எட்டாவது ஆளுக்குப் பெல்ட்ட எங்க மாட்டுறது, எம் மீசையிலயா?"

வீட்டுக்கு வந்து பவுன்தாயிடம் சொன்னேன். "ம்" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

இருக்கையை மாற்றுவதற்கு முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டுமாம். ஆர்டிஓ ஆபீஸ் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். "பதினாலு பேர ஏத்துறதுக்கு யாரும் என்கிட்ட அனுமதி கேட்டு வந்ததில்ல. கொறைக்கிறதுக்கு வந்திருக்கீங்க" என்றார். கேலியா என்று தெரியவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 16, வியாழன்

மதுரையில் பழைய வண்டி உடைக்கும் இடத்துக்குப் போய் வேன் சீட்டுகள் வாங்கிவந்தேன். நல்ல சீட்டுகள், கிழிசல் இல்லை. பெல்ட்டும் அங்கேயே மலிவாகக் கிடைத்தது. பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சீட் சரி என்றார். பெல்ட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தார். இரண்டைக் கீழே போட்டார்.

"என்ன பாய்?"

"தடவிப் பாரு. இந்த எடத்துல நூலு உருகுனாப்புல வழவழன்னு இருக்கா? இது ஒரு தடவ ஆளப் புடிச்ச பெல்ட்டு. மறுதடவ புடிக்காது."

எந்த வண்டி, யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியாது. மிச்சப் பெல்ட்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாமே புதுசாக வாங்கிவிடலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

சாயங்காலம் இறக்கிவிடும்போது ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தீபாவளிக்கு அப்புறம் வண்டி பட்டறைக்குப் போகிறது, வந்த பிறகு ஏழு பேருக்குத்தான் இடம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மாயக்காள் பிடித்துக்கொண்டாள்.

"யப்பா சுருளி, ஏழு பேரு பெல்ட்ட மாட்டிக்கிட்டு மகராணி கணக்காப் போவாளுக. மிச்சம் அஞ்சு பேரு? வண்டிக்குப் பின்னாடியே ஓடியாறதா?"

"வேற ஜீப்புல சொல்லி விடுறேன் மதினி."

"எந்த ஜீப்பு? பெஞ்சு போட்ட ஜீப்புதான? அப்ப எங்க உசுரு மட்டும் மட்டமா?"

செக்போஸ்ட் கெடுபிடி என்று ஏதோ சொன்னேன். "எந்தச் செக்போஸ்ட்டுலடா ஒன்னயக் கேட்டாக?" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கறி எடுத்தேன். முருகாயி வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை. பவுன்தாய் ஒரு தூக்கில் குழம்பு எடுத்துக்கொண்டு அந்தத் தெரு முனை வரை போனாள். போனபடியே திரும்பிவிட்டாள். தூக்கில் குழம்பு அப்படியே இருந்தது. "அவுக வீட்டுல ஆளில்ல" என்றாள். நான் அந்தப் பக்கமாகத்தான் வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. ஜீப் பட்டறையில். பாய் பெஞ்சுகளைப் பிடுங்கிப் போட்டார். அடித் தகட்டைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார், தகர டப்பா மாதிரி சத்தம்.

"இதுல சீட்டப் போல்ட்டு போட்டா, அடி படும்போது போல்ட்டு தகட்டக் கிழிச்சுக்கிட்டு சீட்டோட பறந்துரும். அப்பறம் பெல்ட்டு போட்டு என்ன, போடாட்டி என்ன? சேசிஸ்ல குறுக்குச் சட்டம் கொடுத்து அதுல மாட்டணும்."

நான் ஆயில் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். வீட்டில் இருந்தால் வேறு வேலை இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

குறுக்குச் சட்டம் முடிந்தது. தார்ப்பாய்க் கூரைக்கு உள்ளே கனமான பைப்பில் கூண்டு கட்டுகிறார். வண்டி கவிழ்ந்தாலும் தலைக்கு மேல் அது நிற்கும். தோள் பெல்ட் அந்தக் கூண்டிலிருந்துதான் வரும். பெல்ட் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ இருந்து வர வேண்டுமாம். கீழே இருந்து வந்தால் அடிபடும்போது முதுகெலும்பை அமுக்கிவிடும்.

"ஆளுக உசரம் என்ன?" என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தி ஒவ்வொரு உசரம் பாய்."

"சராசரியா ஒரு ஆளச் சொல்லு."

என் மோவாய்க்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். உட்கார்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். அதையும் காட்டினேன். பாய் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 30, வியாழன்

ஓரத்து சீட்டில் பெல்ட் எப்போதும் வெளிப்பக்கத் தோளிலிருந்து குறுக்கே வருகிறது. இடது ஜன்னலோரம் உட்கார்ந்தால் இடது தோளில் அழுத்தும், வலது ஓரம் என்றால் வலது தோளில். எனக்குப் பின்னால் இருக்கும் சீட் வலது ஓரம். அதற்கு மட்டும் கொஞ்சம் கனமான மெத்தை போடச் சொன்னேன். ரோட்டில் பள்ளம் அதிகம்.

நவம்பர் 6, வியாழன்

வேலை முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பெல்ட்டைச் சட்டென்று இழுத்தார். அது நின்றுவிட்டது. மெதுவாக இழுத்தார், வந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சட்டை முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து கையெழுத்துப் போட்டார். ஆர்சி புத்தகத்தில் ஆட்கள் ஏழும் டிரைவர் ஒன்றும் எட்டு என்று ஏறிவிட்டது. இனி மாற்ற முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

ஜீப் வாசலில் நிற்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இன்னொரு ஜீப் டிரைவர் தங்கமாயன், "என்ன மாப்ளே, பிளேன் ஓட்டப் போறியாமே?" என்றான்.

எல்லாரும் போன பிறகு பவுன்தாய் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருக்கும் சீட்டைக் காட்டி, அதில் உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டக் கற்றுக்கொடுத்தேன். இடுப்பு பெல்ட் வயிற்றில் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பில் இறக்கி வைக்க வேண்டும். வலது தோளைத் தடவினாள். அப்புறம் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இங்கிட்டு வைக்கச் சொன்னது நீங்களா?"

"பாய்தான். அவருக்கு அங்கதான் வசதியா இருந்துச்சு."

"மெத்த மத்த சீட்ட விட மெத்துன்னு இருக்கு."

"அப்படியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. கோழி ஒன்று சக்கரத்துக்கு அடியில் மேய்ந்தது. அப்புறம் பக்கிளை அமுக்கி விடுவித்துக்கொண்டு இறங்கி, உலை வைக்கப் போய்விட்டாள். நாளைக்கு வருவாள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் ஆட்கள் நின்றார்கள். பவுன்தாயும் வந்தாள். பக்கத்தில் சுகந்தி. முருகாயியின் மகள், இருபது வயசு. இதுவரை ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றவள். அம்மா போனதற்கு அப்புறம் அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்க முடியவில்லை, காய் எடுக்க வருகிறேன் என்று அவளாகவே மாயக்காளிடம் கேட்டிருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரியும்.

பவுன்தாய் அவளை எனக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தாள். பெல்ட்டை மாட்டி, இடுப்பில் இறக்கிவிட்டாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள்.

நான் இறங்கிப் பின்னாலேயே போனேன்.

"அந்த எடத்த நான்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"ஒன்னுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ."

மற்ற ஆறு பேர் ஏறினார்கள். மிச்சப் பேர் தங்கமாயன் ஜீப்பில்.

வண்டி நன்றாகப் போகிறது. கூண்டு கனத்தால் கொஞ்சம் இழுவை குறைவு.

நவம்பர் 12, புதன்

மலையில் தங்கமாயன் ஜீப் எனக்கு முன்னால் போயிற்று. அவனுடைய ஆட்கள், அவர்களோடு என் ஆட்கள் ஆறு பேர். மாயக்காள் பின் படியில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் சேலை காற்றில் பள்ளத்துப் பக்கமாகப் பறந்தது. மெட்டு வரும்வரை அவள் பின்னாலேயே ஓட்டினேன். முந்த மனசு வரவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பாயிடம் போனேன். ஒரு பெஞ்சையாவது திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். "மாட்டலாம். ஆனா வேற பட்டறையில மாட்டிக்க" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. மாயக்காள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் இரண்டு நடை அடிக்கிறேன் என்றேன். போடியிலிருந்து ஒரு நடை போய்த் திரும்பி, இன்னொரு நடை. கணக்குப் பார்த்தால் இரண்டாவது நடை ஆட்கள் தோட்டத்துக்கு ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்வார்கள். சூப்பர்வைசர் பாதிச் சம்பளம் பிடிப்பார். ஆளாளுக்குக் கத்தினார்கள்.

பவுன்தாய் வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"மொத பஸ்ஸு காலியாத்தான் போகுது. ஆறே காலுக்கு மெட்டுல எறக்கி விட்டுர்றான். பாதிப் பேரு எங்கூட பஸ்ஸுல வாங்க. ஜீப்பு மத்தவுகளத் தோட்டத்துல எறக்கிட்டு மெட்டுக்குத் திரும்பி வந்து நம்மளக் கூட்டிட்டுப் போகட்டும். மண் ரோட்டுல ரெண்டு நடைதான, மலை பூரா ரெண்டு நடை எதுக்கு?"



"பஸ்ஸுல யாரு, ஜீப்புல யாரு?" என்றாள் மாயக்காள்.

"மொறை வச்சுக்கங்க. என்னைய மொறையில சேக்க வேணாம். நான் எப்பவும் பஸ்ஸு."

மாயக்காள் அங்கேயே விரல் விட்டு முறை போட்டாள். அவளை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 17, திங்கள்

புது ஏற்பாடு. இரண்டாவது நடையும் ஏழரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மெட்டிலிருந்து தோட்டம் வரை பவுன்தாய் இன்று ஜீப்பில் வந்தாள். கடைசி வரிசை, இடது ஓரம். பெல்ட்டை இடது தோளுக்குக் கீழே கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். இன்று ஒருத்தி வேலைக்கு வராததால் எனக்குப் பின்னால் இருக்கும் சீட் காலியாக இருந்தது. அப்படிப் பிடித்தால் பெல்ட் போட்டதற்கு அர்த்தமில்லை என்று சொல்ல நினைத்தேன். மண் ரோடு தட்டைதான், ஓரத்தில் மலைச்சரிவு கிடையாது. சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மழை. பிரேக் லைனிங் மாற்றினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

தங்கமாயன் டீக்கடையில், "பாய் எம்புட்டு நாள்ல முடிச்சுக் குடுத்தாரு?" என்று கேட்டான். சொன்னேன். "ம், பாப்போம்" என்றான். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 29, சனி

சுகந்திக்குக் காய் எடுக்கக் கை வரவில்லையாம். பச்சைக் காயைப் பறித்துவிடுகிறாள் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டிருக்கிறார். பவுன்தாய் தன் கூடையிலிருந்து பழுத்த காயை அள்ளி அந்தப் பிள்ளை கூடையில் போடுகிறாள், அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து. மாயக்காள்தான் என்னிடம் சொன்னாள். "ஒம் பொண்டாட்டி ஏன் அந்தப் புள்ளையக் கண்டா கள்ளி மாதிரி ஒளியிறா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று நடந்ததை நாளைக்கு எழுதலாம் என்று பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

மத்தியானத்திலிருந்து மழை. சாயங்காலம் பஸ் ஆட்களை முதலில் மெட்டில் இறக்கிவிட்டு, திரும்பப் போய் ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். பார்த்தால் பஸ் ஆட்கள் டீக்கடை ஓரத்திலேயே நிற்கிறார்கள். பஸ் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பழுதாகி நிற்கிறதாம். மஞ்சு இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

தங்கமாயன் ஜீப் வந்து நின்றது, உள்ளே நிறைந்து வழிகிறது. "நாலு பேரு தொத்திக்கங்க, பின்னால படியில நிக்கலாம்" என்றான். மாயக்காள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பவுன்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"ஒருத்தியும் ஏறக் கூடாது."

"அப்ப ராத்திரி இங்கயே படுக்கவா?"

"அவரு எறக்கிட்டுத் திரும்ப வருவாரு. நிப்போம்."

என்னைக் கேட்கவே இல்லை. ஆனால் நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். தங்கமாயன் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான்.

முதல் ஏழு பேரைப் போடியில் இறக்கிவிட்டு மறுபடி மேலே ஏறினேன். டீக்கடை அடைத்திருந்தார்கள். எல்லாரும் கடைத் தாழ்வாரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். பவுன்தாய் ஏறும்போது எனக்குப் பின்னால் இருக்கும் சீட் மட்டும்தான் மிச்சம். யார் சொல்லி அதை விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் கீழேயே நின்றாள். மழை முகத்தில் அடித்தது. "ஏறுங்க சின்னம்மா, நனையிறீங்க" என்றாள் சுகந்தி. சுகந்தி நடு சீட்டில் இருந்தாள்.

ஏறினாள். பக்கிள் மாட்டும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

மெதுவாகத்தான் இறங்கினேன். பாதி மலையில் ஒரு வளைவைத் திரும்பினால் ரோடு பூரா மண்ணும் கல்லும் சரிந்து கிடக்கிறது. பிரேக்கை மிதித்தேன். வண்டி சறுக்கிக் குறுக்காகத் திரும்பி, சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

பழைய பெஞ்சாக இருந்தால் எல்லாரும் என் முதுகில் வந்து விழுந்திருப்பார்கள். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஏழு பேரும் உட்கார்ந்த இடத்தில் இருந்தார்கள். ஒரு தூக்குவாளி மட்டும் உருண்டு என் காலடிக்கு வந்திருந்தது.

"ஆத்தி" என்றாள் மாயக்காள். "இந்தக் கழுத, இழுத்துப் புடிக்குதுடி."

யாரோ சிரித்தார்கள். நான் தூக்குவாளியை எடுத்துப் பின்னால் கொடுத்தேன்.

கீழேயிருந்து வந்த லாரிக்காரர்கள் இறங்கிக் கல்லைத் தள்ள ஆரம்பித்தார்கள். நானும் போகலாம் என்று கதவைத் திறந்தேன். அப்போதுதான் பவுன்தாய் பேசினாள். கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சுகந்தி."

"சொல்லுங்க சின்னம்மா."

"ஒங்கம்மா அன்னிக்கு எங்கையப் புடிச்சிருந்தா."

மழைச் சத்தம் மட்டும்தான்.

"வண்டி சாயவும் நான் கம்பியப் புடிச்சுட்டேன். அவளுக்குக் கம்பி எட்டல. எங்கையப் புடிச்சா. எல்லாரும் எங்க மேல வந்து விழுந்தாக. தோளுல மடக்குன்னு ஒரு சத்தம். அதுக்கப்பறம் கையி எஞ்சொல்லக் கேக்கல. விட்டுட்டேன்டி."

சுகந்திதான் கேட்டாள்.

"அம்மா ஏதாச்சும் சொல்லுச்சா?"

"'ஏ பவுனு'ன்னா. அம்புட்டுத்தான்."

"பயந்து போயிச் சொல்லுச்சா?"

"இல்லடி. சாயங்காலம் நான் அசந்து தூங்கிருவேன்ல. எறங்குற எடம் வந்ததும் தட்டி எழுப்புவா. அந்த மாதிரிதான் சொன்னா."

மழை விட்டு வெகு நேரமாகியும் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் அணைத்தேன். ரோடு திறந்துவிட்டது. வந்துவிட்டோம்.

டிசம்பர் 5, வெள்ளி

எல்லாரும் வேலைக்குப் போனார்கள். பவுன்தாய் பஸ்ஸில் போனாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் சுகந்தி வந்தாள். பவுன்தாய் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் ஜீப்பைக் கழுவினேன். கழுவி முடித்த பிறகும் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நடுவில் அழுகையும் கேட்டது, இரண்டு பேரும்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை கழுவினேன். சீட்டுகளைத் துடைத்தேன். பெல்ட்டுகளை முழுசாக இழுத்துத் துடைத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பைக்கையும் கழுவிக் கொடுத்தேன்.

சுகந்தி சாப்பிட்டுவிட்டு மத்தியானம் போனாள். போகும்போது, "வாரேன் சித்தப்பா" என்றாள். கையில் அந்தத் தூக்கு. நிறையக் குழம்பு இருந்தது போல, சாய்க்காமல் பிடித்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 8, திங்கள்

பனி. எஞ்சின் கிளம்பக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஆட்கள் வந்து நின்றார்கள். பவுன்தாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஜீப் பக்கமே நின்றாள். நான் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"மாயக்கா, இன்னைக்கு நான் ஜீப்புல வாரேன்."

"இன்னைக்கு எம் மொறைடி."

"நீ ஒரு நாளைக்குப் பஸ்ஸுல போயேன்."

"ஏன், நான் எதுக்குப் போகணும்? நீதான மொறையில சேக்க வேணாம்ன?"

"இப்பச் சேத்துக்க."

மாயக்காள் விரல் விட்டாள். ஒரு விரலை மடக்கி, யோசித்து, மறுபடி நீட்டினாள். "அடுத்த வாரம் வியாழக்கெழமதான் எடமிருக்கு."

"ஏ, எம் புருசன் வண்டிடி இது."

"வண்டிதான் ஒம் புருசனது. மொறை எங்களது."

எல்லாரும் சிரித்தார்கள். சுகந்தி தன் இடத்தைத் தருகிறேன் என்று இறங்கப் போனாள். "ஒக்காருடி அங்கனயே" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். பவுன்தாய் என்னைப் பார்த்தாள். மாயக்காள் சொன்னதுதான் நியாயம்.

பஸ் ஹாரன் கேட்டது. தூக்குவாளியை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை.